பி.எஸ்.டபிள்யூ ஷிப்டுக்கு நடுவே என்கிளெக்ஸ்: திட்டம் போடுவது எப்படி?

ஒன்டாரியோ வந்து இறங்கிய நம் ஊர் நர்ஸுகள் பலர் முதலில் பிடிப்பது பி.எஸ்.டபிள்யூ, அதாவது நோயாளிகளைப் பராமரிக்கும் உதவியாளர் வேலைதான். வாடகை கட்ட வேண்டுமே. அதற்கு நடுவே, நர்ஸ் உரிமம் பெற எழுத வேண்டிய என்கிளெக்ஸ்-ஆர்.என் தேர்வுக்குப் படிக்க வழி கேட்கும் சிஸ்டர்களுக்கு என் பதில்: புத்தகத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள், ரோஸ்டரை வைத்துப் போடுங்கள்.

"தினமும் ஆறு மணி நேரம்" என்று சுவரில் ஒட்டும் அட்டவணை முதல் டபுள் ஷிப்டிலேயே படுத்துவிடும். லீவு நாளில் காலையில் 50 கேள்வி, நேரம் வைத்து, ஒரே மூச்சில். மதியம் முழுக்க அவற்றின் விளக்கங்கள். பகல் ஷிப்ட் இருந்தால் 15, 20 கேள்வி போதும். நைட் முடித்து வந்த அன்று தூங்குங்கள். எழுந்தபின் மருந்து அட்டைகளைக் கொஞ்சம் புரட்டினால் அதுவே லாபம். இப்படிப் போனால் நான்கு மாதம் என்பது நியாயமான கணக்கு. கேள்வி வங்கிச் சந்தாவை மட்டும் முதல் நாளே வாங்காதீர்கள், நாள் ஓட ஆரம்பித்துவிடும். இரண்டு மூன்று வாரம் பழைய பாடங்களைத் தூசு தட்டிவிட்டு வாங்கலாம். யூவேர்ல்டோ ஆர்ச்சரோ, ஏதாவது ஒன்று போதும்.

நம்மவர்கள் அடி வாங்குவது பெரும்பாலும் பாடத்தில் இல்லை. நம் வார்டில் பழகிய கை, சந்தேகம் வந்தால் உடனே டியூட்டி டாக்டரைக் கூப்பிடும். இந்தப் பரீட்சையோ, நர்ஸாக நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்கும். நான்கு நோயாளிகள், யாரை முதலில் பார்ப்பீர்கள்? சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் நோய்க்காரருக்கு ஆக்சிஜன் அளவு 90 சதவீதம். இடுப்பு மாற்று அறுவைசிகிச்சை செய்தவருக்கு வலி பத்துக்கு ஆறு. சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை 10 மில்லிமோல். தைராய்டு எடுத்தவர் வாயைச் சுற்றி மரமரவென்று இருக்கிறது என்கிறார். 90-ஐப் பார்த்ததும் பதறுவோம். அந்த நோய்க்கு அது எதிர்பார்த்ததுதான். ஓட வேண்டியது தைராய்டுக்காரரிடம், ரத்தத்தில் கால்சியம் இறங்குகிறது.

அதனால் தவறான விடைகளுக்கு ஒரு நோட்டு வையுங்கள். பாடத்தை எழுத வேண்டாம், காரணத்தை எழுதுங்கள்: தெரியவில்லை, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, நோயாளியைப் பார்க்குமுன் டாக்டரைக் கூப்பிட்டேன், சரியான விடையை மாற்றினேன். ஒரு மாதம் கழித்து எந்தக் காரணம் அதிகம் என்று எண்ணுங்கள். அடுத்த மாதத் திட்டம் அதுதான். பாதிக்குமேல் "தெரியவில்லை" என்றால் மட்டும் புத்தகத்துக்குத் திரும்புங்கள்.

தேர்வில் அதிகக் கேள்வி வரும் பகுதிகள் இரண்டு: பராமரிப்பு மேலாண்மை 15 முதல் 21 சதவீதம், மருந்தியல் 13 முதல் 19. முதலாவதில்தான் எந்த வேலையை ஆர்.பி.என்.னிடம் (ஆர்.என்.னுக்கு அடுத்த நிலை நர்ஸ்) தருவது, எதை உதவியாளரிடம் தருவது என்பதெல்லாம் வரும். நம் ஊரில் பாதி வேலையை நோயாளியின் சொந்தக்காரரே பார்த்துவிடுவதால் இது நமக்குப் புதிது. தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள். மருந்தில், அட்ரினலின் இங்கே எபிநெஃப்ரின், பாராசிட்டமால் அசிட்டமினோஃபென். அட்டையில் இந்தப் பெயர்களையே எழுதிப் பழகுங்கள்.

2023 ஏப்ரலிலிருந்து முறை மாறிவிட்டது, பழைய நோட்ஸ் கொடுப்பவர்களுக்கு நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம், பின்னால் போய்த் திருத்த முடியாது. மூன்று கேஸ் ஸ்டடி, ஒவ்வொன்றிலும் ஆறு கேள்வி. பொருந்தும் அனைத்தையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளில் இப்போது சரியாகத் தொட்ட அளவுக்குப் பகுதி மதிப்பெண் உண்டு. ஆனால் தவறானதைத் தொட்டால் ஒன்று குறையும், ஆகவே குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் டிக் பண்ணாதீர்கள். கடைசி மாதம் வாரம் ஒருமுறை 85 கேள்வியை எழுந்திருக்காமல் போடுங்கள். 85-இல் கம்ப்யூட்டர் நின்றால் பாஸ் என்று பேசிக்கொள்வார்கள், ஃபெயிலாகவும் இருக்கலாம்.

அப்புறம், பெயர். நம் இனிஷியல் தொல்லை தெரிந்ததே. தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தில் பதியும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் போடுங்கள், இனிஷியலை விரித்ததா சுருக்கியதா என்பது உட்பட. பொருந்தவில்லை என்றால் தேர்வு மையத்தில் உள்ளேயே விடமாட்டார்கள். இதை ஏ.டி.டி என்னும் தேர்வு அனுமதிக் கடிதம் வருவதற்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள். அதில் போட்டிருக்கும் கெடுவை நீட்டித்துத் தரமாட்டார்கள்.