புதுப்பிப்பு: காட்டுப் பாதைக்குப் போகும் சொகுசு எஸ்யூவி, பிபிஎஃப்பா செராமிக்கா?

முள்ளும் கிளையும் உரசும் பாதைக்கு எது தாங்கும் என்று முன்பு கேட்டிருந்தேன். விடை பிபிஎஃப்தான், அதாவது பெயின்ட் மேல் ஒட்டும் தெளிவான பாதுகாப்பு பிலிம். பெயின்ட் மேல் திரவமாகப் பூசும் செராமிக் கோட்டிங் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம்தான். சேறு சுலபமாகக் கழன்று வரும், அவ்வளவே. பிலிம் ஏறக்குறைய 200 மைக்ரான், அதனால் உரசலை அதுதான் தாங்கும்.

முழு வண்டிக்கும் தேவையில்லை. கதவுகளின் கீழ்ப்பாதி, சக்கர வளைவுகள், பின்சக்கரத்துக்கு முன்னாலுள்ள பகுதி, பானட் முன்விளிம்பு போதும். விளிம்பைப் பேனலுக்குள் மடித்து ஒட்டச் சொல்லுங்கள்; வெளியே வெட்டி நிறுத்தினால் சேறு புகுந்து பிலிம் தூக்கும். ஒட்டிய முதல் வாரம் சேற்றில் இறக்காதீர்கள்.

பிலிமுக்குப் பதிலாகக் கதவில் கழற்றி மாட்டும் காந்த ஷீட் யோசனையும் வந்தது. ரேஞ்ச் ரோவர், புது டிஃபெண்டர் மாதிரி அலுமினிய பாடியில் அது ஒட்டவே ஒட்டாது. எஃகு பாடியிலும் அடியில் மணல் சிக்கினால் உப்புத்தாள் வேலைதான்.

நிஜமாகப் பெயின்ட் கெடுவது கழுவும்போது. காய்ந்த சேற்றைத் துணியால் தொடவே கூடாது. தண்ணீர் அடித்து ஊறவிட்டு, மேலிருந்து கீழாக அலசி, பிறகே ஷாம்பு. பிரஷர் நாசிலை 30 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள், பிலிம் விளிம்பில் சாய்த்து அடித்தால் உரிந்துவிடும். தானே சரியாகும் வகை பிலிமில் விழுந்த மெல்லிய கீறல்கள் வெந்நீர் ஊற்றினால் மறையும். பிலிம் கிழிந்திருந்தால் அந்தப் பேனலுக்கு மட்டும் மாற்றினால் போதும்.