இரைப்பைப் பயாப்சியில் 'ஹெபடாய்டு' என்று வந்தால் என்ன அர்த்தம்? மற்ற அபூர்வ வகைகள் எப்படி?

முத்துக்கூடு
58 வயது ஆண், ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ். ஆன்ட்ரத்தில் (இரைப்பையின் கீழ்ப்பகுதி) 5 செ.மீ. புண்கட்டி, கல்லீரலில் 2 கட்டிகள், ரத்தத்தில் ஏஎஃப்பி (கல்லீரல் புற்றில் ஏறும் புரதம்) 3,800. எண்டோஸ்கோபி பயாப்சி ரிப்போர்ட்டில் 'அடினோகார்சினோமா (சுரப்பிச் செல் புற்று), ஹெபடாய்டு அம்சங்களுடன்' என்று ஒரே ஒரு வரிதான். கல்லீரலில் இருப்பது தனிப் புற்றா, இரைப்பையிலிருந்து போனதா? வழக்கமான இரைப்பைப் புற்றுக்குச் சொல்வதையே குடும்பத்தாரிடம் சொல்லலாமா? அபூர்வ வகை என்றாலே மோசம்தானா?

திசுமேசை
இந்த விவரத்தை வைத்துப் பார்த்தால் இரைப்பையிலிருந்து போனதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் ஸ்டெயின் (திசுவில் குறிப்பிட்ட புரதம் உண்டா என்று காட்டும் சாயச் சோதனை) போடாமல் முடிவு கட்ட வேண்டாம். இதில் பொறி இருக்கிறது.

ஹெபடாய்டு என்பது இரைப்பைப் புற்றுதான், ஆனால் அதன் செல்கள் பார்வைக்குக் கல்லீரல் செல்கள் மாதிரியே இருக்கும்: பெரிய பலகோணச் செல்கள், இளஞ்சிவப்பு சைட்டோபிளாசம், பட்டை பட்டையான அடுக்கு. ஏஎஃப்பி, க்ளிபிக்கன்-3, சில சமயம் ஹெப்பார்-1 கூட ஹெபடாய்டு, கல்லீரல் புற்று இரண்டிலும் பாசிட்டிவ் வரும். அதனால் இந்த மூன்றை மட்டும் போட்டுவிட்டு 'கல்லீரல் புற்று' என்று எழுதினால் தப்பாகிவிடும். கூடவே எஸ்ஏஎல்எல்4, சிகே19, சிடிஎக்ஸ்2 என்ற ஸ்டெயின்களையும் கேளுங்கள். இவை பாசிட்டிவ் என்றால் இரைப்பைப் பக்கம் சாயும். எஸ்ஏஎல்எல்4 ஒருசில கல்லீரல் புற்றுகளிலும் வரும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. ஸ்லைடில் எங்காவது சாதாரண சுரப்பிக் குழாய் வடிவமும் ஹெபடாய்டு பகுதியும் ஒன்றோடொன்று கலந்து நின்றால் அதுவே நல்ல சாட்சி.

சிடி ஸ்கேனையும் முழுதாக நம்பாதீர்கள். ஆர்ட்டீரியல் கட்டத்தில் (ஊசியில் போட்ட சாயம் தமனியில் இருக்கும்போது) பளிச்சென்று ஏறி, பிறகு மங்கிப் போகும் தோற்றம் இந்த மெட்டாஸ்டாசிஸிலும் (பரவிய கட்டியிலும்) வரும். ஹெபடைட்டிஸ் பி உள்ளவரிடம் அதைப் பார்த்தால் யாருக்கும் கல்லீரல் புற்று என்றுதான் தோன்றும். சந்தேகம் தீராவிட்டால் கல்லீரல் கட்டியிலும் ஊசி பயாப்சி எடுத்து, இரண்டு திசுவையும் ஒரே ஸ்டெயின் தொகுப்பில் ஒப்பிடுங்கள்.

குடல்நாடி
சிகிச்சைப் பக்கம் இரண்டு விஷயம்.

முதலில் வைரஸ். ஹெச்பிஎஸ் ஆன்டிஜென் (ஹெபடைட்டிஸ் பி ரத்தச் சோதனை) பாசிட்டிவ் என்றால் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் டிஎன்ஏ அளவு பார்த்து, கீமோவுக்கு முன்பே என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் என்ற வைரஸ் மருந்து தொடங்க வேண்டும். இதை விட்டுவிட்டால் நடுவில் வைரஸ் விழித்துக்கொண்டு கல்லீரல் என்சைம்கள் எகிறும், கீமோ நின்றுபோகும். புற்றைவிட இதுதான் முதலில் ஆளைச் சாய்க்கலாம்.

அடுத்தது ஏஎஃப்பி. சிகிச்சைக்கு முன் ஒரு அளவு எடுத்து வைத்தால் அதையே அளவுகோலாக வைத்துப் பின்தொடரலாம். அதன் அரை ஆயுள் (ரத்தத்தில் அளவு பாதியாகும் காலம்) சுமார் 5 முதல் 7 நாள். எல்லாக் கட்டியையும் அறுவையில் எடுத்த பிறகும் அந்தக் கணக்கில் இறங்காவிட்டால் எங்கோ மிச்சம் இருக்கிறது. சில ஹெபடாய்டு கட்டிகள் ஏஎஃப்பி சுரக்காது. நார்மல் என்பதால் அந்த வகை இல்லை என்றாகாது.

போக்கைப் பொறுத்தவரை, இது ரத்தக் குழாய்க்குள் சீக்கிரம் புகுந்து போர்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போகிற வகை. வழக்கமான அடினோகார்சினோமாவைவிட மோசம். கல்லீரலில் ஏற்கெனவே இருந்தால் குடும்பத்தாரிடம் மாதக் கணக்கில்தான் பேச வேண்டியிருக்கும். எந்த மருந்து பலன் தரலாம் என்று காட்டும் திசுச் சோதனைகளான ஹெர்2, பிடி-எல்1, எம்எம்ஆர் (டிஎன்ஏ பிழை திருத்தும் புரதங்கள்), க்ளாடின் 18.2 நான்கும் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அதில் ஏதாவது வந்தால் பேச்சு மாறும்.

இளவேனில்
மூன்றாவது கேள்விக்கு: இல்லவே இல்லை, நேர் எதிர் வகைகளும் உண்டு.

லிம்ஃபாய்டு ஸ்ட்ரோமா (வெள்ளணுக்கள் நிறைந்த சுற்றுத் திசு) உள்ள கார்சினோமா எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடில் புற்றுச் செல்கள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும், சுற்றிலும் லிம்ஃபோசைட் கூட்டம். பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவல் குறைவு, போக்கு நல்லது. பெரும்பாலும் ஆண்களுக்கு, இரைப்பையின் மேல் பாதியில் அல்லது முன்பு அறுவை செய்து மிஞ்சிய இரைப்பையில் வரும். இதில் 80 சதவீதத்துக்கு மேல் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருக்கும். அதற்கு இபிஇஆர் இன்-சிட்டு (திசுவிலேயே வைரஸின் ஆர்என்ஏவைத் தேடும்) பரிசோதனைதான் வேண்டும். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பதில் பயனில்லை, பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அது பாசிட்டிவ்தான். 2014-ல் வந்த டிசிஜிஏ (புற்றுநோய் மரபணு ஆய்வுத் திட்டம்) வகைப்பாட்டில் இரைப்பைப் புற்றுகளில் இந்த வைரஸ் வகை 9 சதவீதம், எம்எஸ்ஐ வகை (எம்எம்ஆர் பழுதால் டிஎன்ஏ பிழைகள் குவிவது) 22 சதவீதம். எம்எஸ்ஐ வகையும் ஒப்பீட்டில் நல்ல போக்குதான். அதில் அறுவைக்கு முன்பின் தரும் வழக்கமான கீமோவால் கிடைக்கும் கூடுதல் பலன் குறைவு என்று பின்னாய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஃபண்டிக் சுரப்பி வகை இன்னும் சாது. சிறிய கட்டி, பெப்சினோஜன்-1, எம்யூசி6 ஸ்டெயின் பாசிட்டிவ். சப்மியூக்கோசாவுக்குள் (உட்சவ்வுக்கு அடியிலுள்ள அடுக்கு) லேசாக இறங்கியிருந்தாலும் பரவுவது அரிது.

மோசமான பக்கத்தில் மைக்ரோபாப்பில்லரி, அடினோஸ்குவாமஸ் (சுரப்பிச் செல்லும் ஸ்குவாமஸ் எனும் செதிள் செல்லும் கலந்தது), நியூரோஎண்டோகிரைன் (ஹார்மோன் சுரக்கும் செல்வகை) கார்சினோமா. கடைசிப் பெயரை 'நியூரோஎண்டோகிரைன் ட்யூமர்' டைப் 1-உடன் குழப்பிவிடாதீர்கள். டைப் 1 என்பது ஆட்டோஇம்யூன் கேஸ்ட்ரைட்டிஸில் (உடலின் எதிர்ப்புச் சக்தியே இரைப்பையைத் தாக்கும் அழற்சி) காஸ்ட்ரின் ஹார்மோன் ஏறி வரும் சிறு சிறு பாலிப்கள். பெரும்பாலானவற்றை எண்டோஸ்கோப்பியிலேயே எடுத்துக் கண்காணித்தால் போதும்.

முத்துக்கூடு
நன்றி. சிறிய பயாப்சியிலேயே இந்த வகைகளை உறுதியாகச் சொல்லிவிட முடியுமா?

திசுமேசை
பல நேரம் முடியாது. அடினோஸ்குவாமஸ் என்று சொல்ல ஸ்குவாமஸ் பங்கு குறைந்தது 25 சதவீதம் வேண்டும். கலப்பு நியூரோஎண்டோகிரைனுக்கு நியூரோஎண்டோகிரைன், மற்றது என இரு பங்கும் தனித்தனியே குறைந்தது 30 சதவீதம். இந்தச் சதவீதங்கள் வெட்டி எடுத்த முழுக் கட்டிக்கானவை. ஒரு துணுக்கில் ஒரு பங்கு மட்டும் சிக்கினால் மற்றது தெரியாமலே போகும். ஆகவே 6 முதல் 8 துணுக்கு எடுக்கச் சொல்லுங்கள்: புண்ணின் விளிம்பு, அடி என்று வெவ்வேறு இடத்திலிருந்து. 10 சதவீத நியூட்ரல் பஃபர்ட் ஃபார்மலினில், 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேல் போகாமல் ஊற வேண்டும். அந்த வரம்பை மீறினால் ஹெர்2 ஸ்டெயின் நம்பத்தகாததாகிவிடும்.

இரண்டாவது கருத்து கேட்பதாக இருந்தால் ரிப்போர்ட் பேப்பரை மட்டும் கொண்டுபோவதில் பயனில்லை. பாரஃபின் ப்ளாக்கையும் (மெழுகில் பதித்த திசு) எச்அண்ட்இ (வழக்கமான சாயம் போட்ட) ஸ்லைடுகளையும் லேபில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சின்னத் துணுக்கு என்பதால் ஸ்டெயின் வரிசையும் முக்கியம். 15 ஆன்டிபாடியை ஒரே மூச்சில் போட்டால் மாலிக்யூலர் (மரபணு) சோதனைக்குத் திசு மிஞ்சாது. முதல் கட்டத்தில் எஸ்ஏஎல்எல்4, சிடிஎக்ஸ்2, ஹெர்2, எம்எம்ஆர் போதும். மீதிக்கு முன்கூட்டியே ஸ்டெயின் போடாத 10 ஸ்லைடு வெட்டி வைக்கச் சொல்லுங்கள். ப்ளாக்கை மறுபடி மறுபடி மெஷினில் ஏற்றி சமப்படுத்துவதில்தான் அதிகத் திசு வீணாகிறது.