மூக்குக் கட்டி: நட் பரிசோதனை செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா மகனுக்கு 22 வயது. புகை, குடி எதுவும் கிடையாது. இரண்டு மாதமாக ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு, அடிக்கடி ரத்தம். சைனஸ் என்று கொடுத்த மருந்து கேட்கவில்லை. இப்போது அந்தப் பக்கத்துக் கண்ணும் லேசாகப் பிதுங்கியிருக்கிறது. ஸ்கேனில் கட்டி தெரிந்தது. பயாப்ஸி அறிக்கையில் 'முதிர்ச்சியடையாத செல்கள் கொண்ட கார்சினோமா' (ஒரு வகைப் புற்றுநோய்) என்று மட்டும் இருக்கிறது. பி40 (ஸ்குவாமஸ், அதாவது தட்டைச் செல் வகையைக் காட்டும் சாயம்) பாசிட்டிவ். அதனால் சாதாரண ஸ்குவாமஸ் வகையாக இருக்கலாம் என்கிறார்கள்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர், "இந்த வயசுல இவ்வளவு வேகமா வளருதுன்னா நட் கார்சினோமாவான்னு பார்த்துடணும்" என்றார். இது ஒரு அரிய புற்றுநோய்; நட்எம்1 என்ற ஜீன் இடம் மாறி, பெரும்பாலும் பிஆர்டி4 ஜீனோடு ஒட்டிக்கொள்வதால் வருவதாம். மைக்ரோஸ்கோப்பில் ஸ்குவாமஸ் போலவே தெரியும், பி40யும் பாசிட்டிவாக வரும். தனியாக நட் சாயம் (நட் புரதத்தைக் காட்டும் சாயம்) போட்டோ, ஜீன் பரிசோதனை செய்தோ பார்த்தால்தான் பிடிபடும். எங்கள் லேபில் அந்தச் சாயம் இல்லை.

சரி, என் கேள்விகள் இவைதான். பழைய பயாப்ஸி பிளாக்கையே (மெழுகில் பதித்து வைத்த சதைத் துண்டு) வேறு லேபுக்கு அனுப்பிப் பார்க்க முடிந்ததா, இல்லை மறுபடி சதை எடுத்தார்களா? முடிவு வர எத்தனை நாள் ஆனது? நட் சாயம் போதுமா, ஃபிஷ் (ஜீன் இடம் மாறியதைச் செல்லில் காட்டும் பரிசோதனை) அல்லது வேறு ஜீன் பரிசோதனையும் கேட்டார்களா? அதுவரை சிகிச்சையைத் தள்ளிப்போட்டீர்களா? இதுதான் எங்களை ரொம்ப உலுக்குகிறது, ஏனென்றால் கட்டி வாரத்துக்கு வாரம் பெரிதாகிறது.

பேத்தாலஜி தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து பதில் போடுங்கள். பெயர் மறைத்த அறிக்கை கையில் இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன்.