கேண்டிட் போட்டோவுக்கு எதுக்குங்க இவ்ளோ தயாரிப்பு?

ரெண்டுவாலு_அம்மா:
வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு பூங்காவுல குடும்ப போட்டோ எடுக்கறதா இருக்கோம். நான், அவரு, 6 வயசு பொண்ணு, ரெண்டரை வயசு பையன், கூட மாமியாரும். போட்டோகிராபர் ரெண்டு பக்கத்துக்கு ஒரு பிடிஎஃப் அனுப்பியிருக்கார், என்ன கலர் போடணும், எத்தனை மணிக்கு வந்து நிக்கணும், பையனை எப்ப தூங்க வைக்கணும்னு வரிசையா. படிச்சதும் பரீட்சை டைம்டேபிள் கையில வந்த மாதிரி வயித்தைக் கலக்குது. இயல்பா, கேண்டிட்டா எடுப்பாருன்னுதானே புக் பண்ணோம்? இதெல்லாம் தேவையா?

ஃபிலிம்ரோல்36:
தேவையே இல்லம்மா. இயல்பைக் கெடுக்கறதே இந்தத் தயாரிப்புதான். கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் தலையை வாரி, புதுச்சட்டை மாட்டி, "அழுக்காக்கினே பாரு"ன்னு பத்து தடவை மிரட்டி கூட்டிட்டுப் போனா அந்தக் குழந்தை அங்க போய் மண்ணுல எப்படி உக்காரும்? எங்க வீட்டு ஆல்பத்துல நல்ல படம்னு இருக்கறது எல்லாமே யாரும் எதிர்பாக்காதப்ப சட்டுனு எடுத்தது.

மஞ்சள்வெயில்:
அண்ணா, நானும் இந்த வேலைதான் பாக்கறேன், அதனால கொஞ்சம் கோவம் வருது, மன்னிச்சுக்கோங்க. சட்டுனு எடுத்ததுல சொதப்பினது எல்லாம் எங்க? தேறினது மட்டும்தானே ஆல்பத்துல இருக்கு. எனக்கு கையில இருக்கறது ஒரே ஒரு மணி நேரம். உச்சி வெயில்ல நிக்க வச்சா கண்ணுக்குழியில கருப்பா நிழல் விழும், எல்லாரும் கண்ணைச் சுருக்குவாங்க. பொழுது சாயறப்ப சூரியன் தாழ்வா வந்துடும், வெளிச்சம் அதிக தூரம் காத்தைக் கடந்து வர்றதால மஞ்சளா, மெத்துனு இருக்கும். அதுக்குதான் நேரம் சொல்றது. நீங்க 40 நிமிஷம் லேட்டா வந்தா நான் சூரியனை பிடிச்சு வைக்க முடியாதுல்ல.

கலரும் அப்படித்தான். பளிச்னு ஃப்ளோரசன்ட் பச்சை போட்டுட்டு வந்தா அந்தக் கலர் தாடைக்கு கீழ அடிச்சு முகமே பச்சையா தெரியும். ரொம்ப நெருக்கமான கோடு போட்ட சட்டைன்னா படத்துல அலை அலையா நெளியும், அதை எடிட்டிங்ல எடுக்கறது பெரும்பாடு. வீட்ல யாராச்சும் வெயில்ல கருக்கற கண்ணாடி போட்டிருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, புற ஊதாக் கதிர் பட்டாலே அது கருத்துடும், அப்புறம் படம் பூரா அவர் மட்டும் கூலிங் கிளாஸ் போட்டவர் மாதிரி நிப்பார்.

ஃபிலிம்ரோல்36:
வெளிச்சம் சரி, ஒத்துக்கறேன். ஆனா கூடவே "நடந்து வாங்க, ஒருத்தரை ஒருத்தர் பாத்து சிரிங்க"ன்னும் சொல்றீங்களே தம்பி, அது எந்த ஊர் கேண்டிட்? டுஷேன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் 1862-லயே எழுதி வச்சுட்டார், வாயை இழுக்கற தசையை நாமளா அசைச்சுடலாம், கண்ணைச் சுத்தி இருக்கற தசை நிஜ சந்தோஷத்துக்குதான் அசையும்னு. சொல்லிச் சிரிச்சா கண்ணு காட்டிக் கொடுத்துடும்.

மஞ்சள்வெயில்:
அதுக்குதாண்ணா "சிரிங்க"ன்னு நான் சொல்றதே இல்ல. "அப்பா காதுல ஏதாவது ரகசியம் சொல்லு"ன்னு பொண்ணுகிட்ட சொல்லுவேன், அவ என்ன சொன்னாளோ தெரியாது, அவர் முகம் தானா மாறும். நடக்கச் சொல்றதும் கைய எங்க வைக்கறதுன்னு தெரியாம நிக்கறவங்களுக்காகத்தான், நடந்தா கை தன்னால ஆடும். அம்மா, உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், பிடிஎஃப்ல இது இருக்காது. நாங்க பையனைக் கூப்பிடறப்ப நீங்களும் அவனைத் திருப்பி "அங்க பாரு அங்க பாரு"ன்னு சொல்லாதீங்க. அவன் பாக்கறது ஒரு நொடி, அந்த நொடியில நீங்க ரெண்டு பேரும் குனிஞ்சு அவனையே முறைச்சுட்டு இருப்பீங்க. நீங்க பாட்டுக்கு கேமராவைப் பாத்துட்டு நில்லுங்க, அவனை நான் பாத்துக்கறேன்.

தூக்கம்_போச்சு:
நான் பட்ட பாட்டைச் சொல்றேன் கேளுங்க. போன வருஷம் நாங்க எடுத்தப்ப மத்தியான தூக்கத்தை விட்டுட்டு பையனைக் கூட்டிட்டுப் போனோம், புது ஷூ வேற, குதிகால்ல கடிச்சு வச்சுடுச்சு, போன பத்தாவது நிமிஷம் ஆரம்பிச்ச அழுகை நிக்கவே இல்ல, எடுக்க வந்தவரும் பொம்மையை ஆட்டி ஆட்டி கடுப்பாயிட்டார். வந்ததுல உருப்படியா ஒரே படம், அழுது ஓஞ்சு அப்பா தோள்ல தூங்கறது. அதைத்தான் பெருசா பிரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்கோம்.

ஃபிலிம்ரோல்36:
பாத்தீங்களா! யாரும் திட்டம் போடாம வந்த படம்.

மஞ்சள்வெயில்:
பாத்தீங்களா, தூங்க வச்சு, பழைய செருப்பைப் போட்டு கூட்டிட்டு வந்திருந்தா இன்னும் முப்பது படம் தேறியிருக்கும்!

தூக்கம்_போச்சு:
என் கதையை வச்சு நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுங்க, எனக்கென்ன 😄

ஓரமா_நிக்கறவ:
எல்லாரும் குழந்தையைப் பத்தியே பேசறீங்க, கூட்டத்துல ஒரு மாமியார் இருக்காங்களே, கவனிச்சீங்களா? வயசானவங்களை ஒரு மணி நேரம் நிக்க வைக்காதீங்க, புல்லுல உக்காரச் சொல்லாதீங்க, எழுந்திரிக்க முடியாம கை ஊனறதும் படத்துல வந்து அவங்களுக்கே சங்கடமாயிடும். பெஞ்ச் இருக்கற இடமா பாருங்க, அவங்க இருக்கற படங்களை முதல்லயே எடுத்துட்டு உக்கார விட்டுடுங்க. இன்னொண்ணு, எங்க அத்தையை "இயல்பா இருங்க, கேமராவைப் பாக்காதீங்க"ன்னு சொல்லிச் சொல்லி ஒருத்தர் அழ வைக்காத குறை. அவங்க காலத்துல போட்டோன்னா விறைப்பா நின்னு லென்ஸை நேரா பாக்கறதுதானே. அவங்களுக்கு அதுதான் இயல்பு. சிரிக்காம நின்ன அந்தப் படம்தான் அச்சு அசல் அவங்க.

ஃபிலிம்ரோல்36:
இது நான் யோசிக்காதது. ஒரு ரோலுக்கு 36 படம்தான், வீணாக்கக் கூடாதுன்னு மூச்சைப் பிடிச்சுட்டு நின்னவங்க நாங்க. எனக்கும் இன்னிக்கு வரைக்கும் கேமராவைப் பாத்தா கை தானா தொடையோட ஒட்டிக்குது. சரி தம்பி, நேரமும் தூக்கமும் சொல்லுங்க, வேணாங்கல. ஆனா எல்லாருக்கும் ஒரே வெள்ளைச் சட்டை மட்டும் வேணாம், யூனிஃபார்ம் மாதிரி இருக்கும்.

மஞ்சள்வெயில்:
அதை நானும் சொல்றதில்லண்ணா. ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்காத மூணு நாலு கலர், போட்டுப் பழகின துணி, போதும்.

ரெண்டுவாலு_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. பிடிஎஃப்ல நேரமும் தூக்கமும் மட்டும் எடுத்துக்கறேன், பிள்ளைங்ககிட்ட "பூங்காவுக்கு விளையாடப் போறோம்"னு மட்டும் சொல்லப் போறேன். அத்தைகிட்ட நேரா நில்லுங்கன்னு சொன்னதும் அவங்க முகத்துல ஒரு நிம்மதி பாக்கணுமே. அப்புறம் மஞ்சள்வெயில், நீங்க சொன்ன அந்த வெயில்ல கருக்கற கண்ணாடி எங்க வீட்டுக்காரரோடதுதான். பழைய கண்ணாடியை எந்த டிராயர்ல போட்டோம்னு நேத்துலேர்ந்து தேடிட்டு இருக்கோம்.