கண்ணாடியில் கச்சிதமாக ஒட்டும் கிளிங் ராப் பிளாஸ்டிக் டப்பாவில் ஏன் நழுவுகிறது?

கேள்வி:
ஒரே ரோலில் கிழித்த தாள்தான். கண்ணாடி, பீங்கான் கிண்ணங்களில் முரசுத்தோல் மாதிரி விறைப்பாக நிற்கிறது. பாலிப்ரொப்பிலீன் டப்பாவில் ஐந்தே நிமிடத்தில் ஓரம் சுருண்டு எழுகிறது. எவர்சில்வரில் ஒரு நாள் பிடிக்கிறது, மறுநாள் பிடிப்பதில்லை. நிலைமின்சாரத்தால் ஒட்டுகிறது என்றால் பிளாஸ்டிக்கில்தானே இன்னும் நன்றாக ஒட்டவேண்டும்?

மறுமொழி 1:
நிலைமின்சாரத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் சின்னப் பங்குதான். ரோலிலிருந்து உரிக்கும்போது மின்னூட்டம் ஏறுகிறது. தாள் தாவிப் போய்க் கையில் ஒட்டுவது அதனால். கிண்ணத்தில் மணிக்கணக்காகப் பிடித்து நிறுத்துவது மூலக்கூறுகளுக்கு இடையிலான வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு. அது மிக மிக நெருக்கத்தில்தான் வேலை செய்யும். தாளின் கனம் சுமார் 10 மைக்ரான், நன்றாக வளைந்து கொடுக்கும். எதிரே இருப்பது வழவழப்பான கண்ணாடி என்றால் இடைவெளியே இல்லாமல் படிந்துவிடும். மரம், சொரசொரப்பான மண்பாண்டம் என்றால் மேடுகளின் நுனியை மட்டுமே தொடும்.

இனி உங்கள் டப்பா. பாலிப்ரொப்பிலீனின் மேற்பரப்பு ஆற்றல், அதாவது மற்ற பொருளைத் தன்மேல் இழுத்து ஒட்டவைக்கும் திறன், மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன் அளவுதான். சுத்தமான கண்ணாடிக்கு அதைவிடப் பல மடங்கு. டெஃப்லான் 20-க்கும் கீழே, அதனால் அதில் இன்னும் மோசம். இதோடு, இந்த வகைப் பிளாஸ்டிக் எண்ணெயை விடாது. கழுவிய பிறகும் மெல்லிய பிசுக்கு தங்கும். பாதிப் பிரச்சினை அந்தப் பிசுக்குதான் என்பேன்.

மறுமொழி 2:
ரோல் எதனால் ஆனது என்று அட்டைப்பெட்டியில் பாருங்கள். பிவிசி தாளில் அதை வளைந்துகொடுக்க வைக்கும் மென்மையாக்கிப் பொருள் சேர்த்திருப்பார்கள். நன்றாக இழுபடும், இயல்பாகவே ஒட்டும். பாலிஎத்திலீன் தாளுக்குத் தானாக ஒட்டும் குணம் குறைவு, அதனால் பாலிஐசோபியூட்டிலீன் போன்ற பிசின்களைக் கலப்பார்கள். குளிரில் இரண்டு தாளுமே விறைக்கும், பிடிப்பும் குறையும். குளிர்ந்த பாத்திரத்தை வெளியே எடுத்து உடனே மூடினால், விளிம்பில் வியர்க்கும் நீர்த்துளிகளும் தாளைத் தூக்கிவிடும். துடைத்துவிட்டு மூடுங்கள்.

டப்பாவுக்குச் செய்யவேண்டியது: வெந்நீரும் பாத்திர சோப்பும் போட்டு விளிம்பைக் கழுவி, ஈரமில்லாமல் துடையுங்கள். எல்லாப் பக்கமும் 5 செ.மீ. மிஞ்சுமாறு தாளைக் கிழிக்காதீர்கள், அது போதாது. டப்பாவைச் சுற்றிவந்து தாளின் மேல் தாள் படியும் நீளம் வேண்டும். டப்பாவை விடத் தாள் தன்னோடுதான் நன்றாக ஒட்டும்.

கேள்வி கேட்டவர்:
விளிம்பை லேசாக ஈரமாக்கினால் ஒட்டும் என்கிறார்களே?

மறுமொழி 1:
கண்ணாடி, பீங்கானில் உண்மை. ஈர விரலால் ஒரு முறை வருடினால் போதும்; நீர் மெல்லிய படலமாகப் பரவி இரண்டையும் இழுத்துப் பிடிக்கும். பாலிப்ரொப்பிலீனில் நீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கும், தாள் அதன்மேல் சறுக்கும். டப்பாவில் அந்த வித்தை வேண்டாம்.

மறுமொழி 3:
எவர்சில்வர் பற்றி யாரும் சொல்லவில்லை. உலோகம் மின்னூட்டத்தைக் கடத்திவிடுவதால் ஒட்டாது என்பது அரைகுறை விளக்கம். தாள் மின்கடத்தாப் பொருள், அதிலுள்ள மின்னூட்டம் அவ்வளவு எளிதில் ஓடிவிடாது. விளிம்பைப் பாருங்கள். உருட்டி மடித்த விளிம்பு என்றால் தாள் ஒரு கோடாக மட்டுமே தொடும். விளிம்புக்குக் கீழே, வெளிச்சுவரில் 3 செ.மீ. ஆவது இறக்கி, உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். ஒரு நாள் பிடித்து மறுநாள் விடுவது பெரும்பாலும் பிசுக்கு இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. சூடான உணவை உடனே மூடினாலும் நீராவி தாளை உப்பவைத்து ஓரத்தைக் கழற்றும்; ஆவி அடங்கட்டும்.