வெறும் மண்டை ஓட்டை வச்சு ரெண்டு கால்ல நடந்துச்சுன்னு எப்படி சொல்றாங்க?

சுண்டெலி77:
பாஸ் ஒரு டவுட்டு. தென்னாப்பிரிக்கால டவுங்ன்ற இடத்துல 1924ல சுண்ணாம்புக்கல் குவாரில ஒரு குழந்தை மண்டை கிடைச்சுதே, அதைப் பத்தி வீடியோ பாத்தேன். இடுப்பும் இல்ல காலும் இல்ல, முகம், தாடை, அப்புறம் மூளை இருந்த இடத்துல கல்லா இறுகிப்போன ஒரு அச்சு, இவ்ளோதான் இருக்கு. இத வச்சுகிட்டு இது நிமிந்து நடந்த ஜீவன்னு அத ஆராய்ச்சி பண்ண ரேமண்ட் டார்ட் அடிச்சு சொல்லிட்டாரு. கொஞ்சம் ஓவரா இல்ல? எனக்கு பரிணாமத்துல சந்தேகம் எதுவும் இல்ல, இந்த லாஜிக் மட்டும் பிடிபடல.

எலும்பன்:
மண்டைக்கு அடியில தண்டுவடம் இறங்கற ஓட்டை ஒண்ணு இருக்கும், ஃபோரமென் மேக்னம்னு பேரு. சிம்பன்சிக்கு தலை கழுத்துக்கு முன்னால நீட்டிகிட்டு இருக்கறதால ஓட்டை பின்பக்கமா தள்ளி இருக்கும், நமக்கு முதுகெலும்பு மேல தலை நேரா உக்காந்திருக்கறதால அடியில நடுவாக்குல வரும். டவுங் மண்டைல அது நல்லா முன்னாடி வந்திருக்கு. கோரைப்பல்லும் குரங்கோடது மாதிரி இல்லாம நம்மளது மாதிரி குட்டியா இருக்கு. டார்ட் பாறைய பொண்டாட்டியோட பின்னல் ஊசிய தீட்டி வச்சு சுரண்டி சுரண்டி எடுத்தாராம், அந்த பொறுமைக்கே கும்பிடு போடணும்.

வெட்டிப்பேச்சு:
எலும்பன் சார் ஒரு நிமிஷம். சிம்பன்சி குட்டிக்கும் அந்த ஓட்டை முன்னாடி தானே இருக்கும், வளர வளர தான் பின்னாடி போகும். இது பால்பல் கூட விழாத, மூணு நாலு வயசு குழந்தை. அப்ப இத வச்சு எப்படி முடிவு பண்றது?

எலும்பன்:
சரியான பாயிண்ட்டு, அன்னைக்கு ஆர்தர் கீத்னு பிரிட்டிஷ் உடற்கூறு நிபுணர் மாதிரி பெரிய ஆளுங்களும் இது குரங்குக் குட்டி தான்னு ஒதுக்கினாங்க. பெரியவங்க மண்டை கிடைச்சா தான் தீரும், அது ராபர்ட் புரூம்ன்ற புதைபடிவ ஆராய்ச்சியாளர் புண்ணியத்துல 1936ல இருந்து தென்னாப்பிரிக்காவோட ஸ்டெர்க்ஃபான்டைன் குகைல வர ஆரம்பிச்சுது, 1947ல கிடைச்ச, மிசஸ் பிளெஸ்னு செல்லப்பேர் வச்ச மண்டை முழுசா வளந்தது, அதுலயும் ஓட்டை முன்னாடி தான். அதே வருஷம் அதே குகைல இடுப்பெலும்பும் கிடைச்சுது, சிம்பன்சிது மாதிரி நீளமா இல்லாம, நம்மளது மாதிரி குட்டையா அகலமா. அந்த வருஷ ஆரம்பத்துலயே, இது ரெண்டும் கிடைக்கறதுக்கு முன்னாடியே, கீத்தே டார்ட் சொன்னது தான் சரின்னு எழுதிக் கொடுத்துட்டார்.

மலைக்காட்டான்:
இருபது வருஷத்துக்கு மேல நிறைய பேர் டார்ட்ட நம்பாததுக்கு பில்ட்டவுன்ற போலி மண்டையும் ஒரு காரணம் பா. 1912ல இங்கிலாந்துல பெரிய மூளை, குரங்குத் தாடைன்னு ஒண்ண காட்டினாங்க, எல்லாரும் மொதல்ல மூளை தான் வளந்துச்சுன்னு முடிவு கட்டி உக்காந்துட்டாங்க. டவுங் நேர்மாறு, மூளை சின்னது ஆனா நடை நம்ம நடை. பில்ட்டவுன் தாடை ஒராங்குட்டானோடது, பல்ல அரம் வச்சு ராவி, சாயம் ஏத்தி வச்சிருக்காங்கன்னு 1953ல தான் வெளிய வந்துச்சு. வெள்ளக்காரன் ஊர்ல கிடைச்சா உடனே நம்பிக்கை, ஆப்பிரிக்கால கிடைச்சா ஆயிரம் கேள்வி.

சுண்டெலி77:
செம, இப்ப புரியுது. அந்த குழந்தை எப்படி செத்துச்சாம்?

மலைக்காட்டான்:
கழுகு தூக்கிட்டு போயிருக்கும்னு லீ பெர்கர், ரான் கிளார்க்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1995ல சொன்னாங்க. கண்குழிக்குள்ள இருக்கற ஓட்டையும் கீறலும் கழுகு அடிச்ச குரங்கு மண்டைல இருக்கறா மாதிரியே இருக்குன்னு 2006ல பெர்கர் காட்டினார். போட்டோ தேடினா கண்குழியோட அடிப்பக்கம் தெரியறதா பாத்து தேடுங்க, நேரா எடுத்ததுல ஒண்ணும் தெரியாது.