காரைக் குவியலில் பூக்கிறது, தொட்டியில் பூக்க மாட்டேன் என்கிறது!

கேள்வி (கானாடுகாத்தான்):
வீட்டில் இரண்டாங்கட்டு ஓடு மாற்றினோம். இடித்த காரையும் உடைந்த ஓடும் பின்பக்கம் குவிந்து கிடந்தன. ஐப்பசி மழைக்கு அப்புறம் அதில் ஆரஞ்சு நிறப் பூச்செடிகள் தாமாகவே முளைத்து, இப்போது பூத்துக் கொட்டுகின்றன. ஆசைப்பட்டு நான்கு நாற்றைப் பிடுங்கி, தொட்டியில் மாட்டெரு, மண்புழு உரம் எல்லாம் போட்டு, முகப்புப் படியோரம் வைத்தேன். ஒன்றரை மாதத்தில் நெஞ்சு உயரம் வந்துவிட்டது, மொட்டு ஒன்றுகூட இல்லை. பக்கத்து வீட்டு ஆச்சி வேறு இலையைப் பார்த்து, "இது பார்த்தீனியம், பிடுங்கி எறி, உடம்பெல்லாம் அரிக்கும்" என்கிறார்.

பதில் (தேவகோட்டை):
ஆச்சி பயந்ததில் தப்பில்லை, இலை அப்படித்தான் கிழிந்து கிழிந்து இருக்கும். கணுவைப் பாருங்கள். பார்த்தீனியத்தில் இலை மாறி மாறி ஒவ்வொன்றாக வரும். பூவும் பொடிப்பொடியாக வெள்ளை. இலையைக் கசக்கினால் செண்டுப்பூ வாசம் வருகிறதா?

கேட்டவர்:
வாசம் இல்லை. இலை ஒரே கணுவில் எதிரெதிராக இருக்கிறது. பூவுக்கு எட்டு இதழ். விதை ஊசி மாதிரி, வேட்டியெல்லாம் ஒட்டிக்கொள்கிறது.

பதில் (பள்ளத்தூர்):
சந்தேகமே வேண்டாம், மஞ்சள் காஸ்மாஸ். நம் வீட்டுத் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது போல, இது மெக்சிகோவிலிருந்து வந்தது. தோட்டத்துக்கென்று கொண்டுவந்தார்கள், வேலி தாண்டிவிட்டது. ஒரு பருவச் செடி. விதை போட்டதும் காய்ந்துவிடும். கிளறிப்போட்ட மண், போட்டிக்குப் புல் இல்லாத இடம், நல்ல வெயில், இவ்வளவு போதும். நீங்கள் விருந்து வைத்துவிட்டீர்கள் தம்பி! தழைச்சத்து கூடினால் இலையாகத்தான் தள்ளும். உரத்தை நிறுத்துங்கள். ஆமாம், முகப்பில் ராத்திரி விளக்கு எரிகிறதா?

கேட்டவர்:
கேமராவுக்காகப் பெரிய எல்இடி, விடிய விடிய எரியும். வெயில் காலையில் மட்டும்தான்.

பதில் (பள்ளத்தூர்):
அதுவும் சேர்ந்துகொண்டது. காஸ்மாஸுக்கு நீண்ட இருட்டு வேண்டும். சாமந்தி போடுகிறவர்கள் பூவைத் தள்ளிப்போட ராத்திரியில் பல்பு எரியவிடுவது இதனால்தான். தொட்டியைப் பின்பக்கம் கொண்டுபோங்கள். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் போதும். ஒரு குச்சியும் கட்டுங்கள், இந்த உயரத்துக்குக் காற்றடித்தால் சாய்ந்துவிடும். விதை முற்றிய செடியைக் கண்மாய்க் கரையில் மட்டும் கொட்டாதீர்கள், அடுத்த மழைக்கு அங்கேயும் குடியேறிவிடும்.

கேட்டவர் (மூன்று வாரம் கழித்து):
இரண்டு தொட்டியைத்தான் தூக்க முடிந்தது. இரண்டிலும் மொட்டு! முகப்பில் இருக்கிற இரண்டும் இன்னும் தழையாகவே நிற்கின்றன. விளக்கை அணைக்க அப்பச்சி சம்மதிக்கவில்லை. ஆச்சி நேற்று விதை கேட்டு வந்தார்.